வாய் ராசி

கை ராசிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். இவர் விதைத்தால் முளைக்கும், அவர் ஊசி போட்டால் காய்ச்சல் விடும் என்று சனம் தேடிப் போகும். திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு மைலில் இருக்கிற சின்ன ஊரில் ஆதிலட்சுமிக்கு இருந்தது வாய் ராசி. அவள் நலங்குப் பாட்டுப் பாட மணையில் உட்கார்ந்த பெண், வருஷம் திரும்புவதற்குள் பிள்ளையோடு வருவாள் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பி உத்திரமேரூர் வரைக்கும் போய்விட்டது. பாட்டு நன்றாக இருக்கிறது என்று அப்பாவைத் தவிர வேறு யாரும் சொன்னதாக அவள் மகள் தேவகிக்கு நினைவில்லை. ராசியான வாய் என்றுதான் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு என்பது தேவகிக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்தது. புரிந்தபோது அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆதிலட்சுமி பிறந்தது ஐயங்கார்குளம். மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி தெருச் சுற்றி வரும். ஆண்கள் பாடுவார்கள், பெண்கள் வாசல் தெளிப்பார்கள். வாசல் தெளிக்கிற பெண்ணுக்குக் காது இருக்கக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லாததால், பத்து வயதுக்குள் கோஷ்டியின் பாட்டு மொத்தத்தையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். கோஷ்டி தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் கோலத்தை வேண்டுமென்றே இழுத்துப் போடுவாளாம். பதினேழு வயதில் சின்னராசுவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர், மேட்டில் கொஞ்சம் வேர்க்கடலை, இரண்டு மாடு. வந்த வருஷமே ஒரு வீட்டு நலங்குக்கு உத்திரமேரூரிலிருந்து பாட வரவேண்டிய அம்மாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். ஓரத்தில் நின்றிருந்த புதுப்பெண்ணைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அன்றைக்குப் பாட ஆரம்பித்தவள்தான், முப்பது வருஷம் அந்த ஊரில் அவள் வாய் படாமல் ஒரு நலங்கும் நடக்கவில்லை.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பேர் வைத்துத்தான் பாடுவாள். வெற்றிலை பாக்கோடு அழைக்க வருகிறவர்களிடம் நாள் எது, நேரம் எது என்று கேட்பதற்கு முன்னால் பெண்ணின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் கேட்டுக்கொள்வாள். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் களை எடுக்கும்போதும் அந்த இரண்டு பேரையே வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாள். பாட்டு பழசுதான், ஆனால் பேர் உட்காருகிற இடத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்தாகவேண்டும். ஒரு மாப்பிள்ளைக்குத் தட்சிணாமூர்த்தி என்று பேர். அந்த அடியில் அத்தனை நீளப் பேர் அடங்காது, மூர்த்தி என்று சுருக்கிப் பாடிவிடு என்றார்கள். பெற்றவர்கள் முழுசாக வைத்த பேரை நான் எதற்கு வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு பேருக்காகப் பாட்டின் நடையையே மாற்றிக்கொண்டு போனாள். மணையில் இருக்கிற பெண்கள் தங்கள் பேர் வருகிற நேரம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பாடுகிறேன் என்பாள் ஆதிலட்சுமி.

பாடுவதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பாடப் போனவள் காய் நறுக்கினாள், பந்திக்குத் தண்ணீர் ஊற்றினாள், பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் முட்டிக்கொண்டால் நடுவில் நின்று சமாதானம் பேசினாள். பால் சொசைட்டி திறந்தாலும் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினாலும் கடவுள் வாழ்த்துக்கு அவள்தான். யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் மாட்டு வண்டியில் கூட உட்கார்ந்து போக அவள்தான். இதற்காக வீட்டில் ஒரு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனதில்லை. போனால் நாத்தனார் சொக்கம்மாள் ஊரைக் கூட்டிவிடுவாள். சொக்கம்மாள் சின்னராசுவின் அக்கா, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். தம்பி வீட்டுக்குத் தினமும் ஒரு நடை வந்து எதையாவது குற்றம் சொல்லிவிட்டுப் போனால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

சின்னராசுவுக்குக் கேலிதான். ஊருக்கெல்லாம் பாடியாயிற்றா, மாடு கத்துகிறது, அதற்கும் ஒன்று பாடிவிட்டு வா என்பார். ஆனால் ஒவ்வொரு நலங்கிலும் கூட்டத்தின் கடைசியில் நின்று முழுக்கக் கேட்பவரும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு மூன்றாவது பாட்டில் மேலே போய் நின்றாயே, அந்த இடம், என்று சொல்லி நிறுத்திவிடுவார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அன்று முழுக்க அவள் முகம் தெளிந்திருக்கும்.

தேவகியின் அண்ணன் தாண்டவராயன் அம்பத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனான். எழுபத்தெட்டில் ஒரு டேப்ரிகார்டர் வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடச் சொன்னான். யார் பேரை வைத்துப் பாடுவது என்று அவள் யோசித்தாள். பேர் இல்லாமல் அவளுக்கு வாய் வராது. எதிரில் பதினாறு வயசு தேவகி உட்கார்ந்திருந்தாள். அவள் பேரையே வைத்துப் பாடினாள். மாப்பிள்ளை பேர் வரவேண்டிய இடத்தில் மன்னவன் என்று போட்டு நிரப்பினாள். பேர் தெரிந்த பிறகு மாற்றிப் பாடிக்கொள்ளலாம் என்று அவள் சொல்ல, தேவகி வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்தாள். சின்னராசு ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். டேப் ஓடும்போது பேசக்கூடாது என்று அவருக்கு நாலு தடவை சொல்லியிருந்தார்கள். இரண்டாவது பக்கத்தில் பாதி வரைக்கும் தாக்குப் பிடித்தார். அப்புறம் என்னவோ சொன்னார், அவள் என்னவோ அதட்டினாள், தேவகி சிரித்தாள், எல்லாம் டேப்பில் விழுந்தது. அந்த இடத்தை அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம் என்று அண்ணன் சொன்னான். சொன்னதோடு சரி.

எண்பதில் சின்னராசுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம், வைத்தியர் என்று மூன்று வாரம் அலைந்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டார். காரியத்தன்று ஆதிலட்சுமியின் நெற்றியையும் கழுத்தையும் ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்தது. செய்தவர்களில் பாதிப் பேர் அவள் பாட்டுக்கு மணையில் உட்கார்ந்தவர்கள்.

அடுத்து வந்த தையில் எதிர் வீட்டில் கல்யாணம். கொல்லைப்பக்கமாக வந்து அவளுடைய பெரிய அண்டாவையும் கரண்டியையும் கேட்டு வாங்கிப் போனார்கள். வெற்றிலை பாக்கு வரவில்லை. அண்டாவுக்கு யாரும் தாலி அறுக்கவில்லை, அதனால் அதை மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து போட்ட அண்டா அடிபிடித்துக் கிடந்தது. ஆதிலட்சுமி அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, பெண்ணின் பேர் என்ன என்று தேவகியைக் கேட்டாள். தேவகி சொன்னாள். அந்தப் பேரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் கல்யாணத்தில் பாட ஆளில்லாமல் யார் யாரோ என்னென்னவோ இழுத்தார்கள். ஊருக்குக் கவலை வந்துவிட்டது. ஆதிலட்சுமியைப் பற்றி இல்லை, ராசியைப் பற்றி. அப்போதுதான் யாருக்கோ டேப்பின் ஞாபகம் வந்தது. போடலாமா கூடாதா என்று பாண்டுரங்கனிடம் போய்க் கேட்டார்கள். பாண்டுரங்கன் பஜனை கோயிலுக்குப் பெரியவர். எந்த வீட்டில் எது நடந்தாலும் முறை சொல்லுகிற உரிமையைத் தானே எடுத்து வைத்துக்கொண்டவர். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பாடும்போது அவள் பூவும் பொட்டுமாகத்தானே இருந்தாள், அப்படியானால் டேப்பில் இருக்கிற குரல் சுமங்கலிதான், தோஷமில்லை என்றார். ஆள் விதவை, குரல் சுமங்கலி. கேட்டவர்களில் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. தாண்டவராயனுக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் பக்கத்தை மட்டும் காப்பி எடுத்து மைக் செட்காரரிடமே ஒன்று கொடுத்து வைத்தான்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றுப்பக்கத்தில் மணையில் உட்கார்ந்த பெண்கள் அத்தனை பேருக்கும் பாட்டில் பேர் தேவகிதான். அது யாருக்கும் உறுத்தவில்லை. ராசி வந்தால் போதும், பேர் எவளுடையதாக இருந்தால் என்ன. மைக் செட்காரர் டேப்பின் முதல் பக்கத்தை ஓட்டிவிட்டுச் சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார். இரண்டாவது பக்கத்தை அநேகமாக யாரும் கேட்டதில்லை. நடவு வேலையில் இருக்கும்போது தூரத்துப் புனல் ஸ்பீக்கரிலிருந்து தன் குரல் வந்தால் ஆதிலட்சுமி நிமிர்ந்து நின்று கேட்பாள். கூட நடுகிற பெண்கள் அவள் அழப் போகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இரண்டாவது அடியில் சுருதி விட்டிருக்கிறேன், இத்தனை நாளாக ஒருத்தரும் சொல்லவே இல்லையே என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றுவாள்.

எண்பத்திரண்டு வைகாசியில் தேவகிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை தென்னேரி, பேர் இராமச்சந்திரன், வாலாஜாபாத்தில் ஒரு உரக்கடையில் வேலை. கல்யாணம் பெண் வீட்டில். பத்து நாள் இருக்கும்போது, வீட்டில் இரண்டு பேரும் மட்டும் இருந்த ஒரு சாயங்காலம், ஆதிலட்சுமி மகளிடம் வந்து கேட்டாள். அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டுத் தேவகி பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தேவகி, நலங்குக்கு ஒரே ஒரு பாட்டு நான் பாடறேம்மா. முன்னால வந்து நிக்க மாட்டேன். வாசப்படியாண்ட ஓரமா நின்னுக்கினு பாடிட்டு உள்ள பூட்றேன்."

தேவகி ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "டேப்புலயே எம் பேருதானம்மா கீது" என்றாள்.

"ஒம் பேரு கீது. மாப்ள பேரு இல்லியே. அத ஒக்கார வெச்சிட்டேன். நல்லா வந்துகீது."

அவள் இராமச்சந்திரன் என்ற பேரை நிச்சயமான நாளிலிருந்து வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தேவகிக்கு அப்போது உறைக்கவில்லை. அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அத்தையிடம் சொன்னான். சொக்கம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், பெற்றவளே பெண்ணுக்குக் கெடுதல் தேடுவாளா, பாட்டுப் பைத்தியம் இன்னும் விடவில்லையா என்று அரை மணி நேரம் புலம்பினாள். பாண்டுரங்கன் இருக்கவே இருந்தார். டேப் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை என்று அவர் சொன்னதை அண்ணன் வந்து அம்மாவிடம் சொன்னான். தேவகி பக்கத்து அறையில் இருந்தாள். எழுந்து வரவில்லை. எனக்கு எங்கம்மாதான் பாட வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்குமா என்பது தெரியாது. சொல்லவில்லை என்பது தெரியும். தன் கையை மீறி முடிவானதில் அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

காலையில் தாலி கட்டியாயிற்று. நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த உள் அறையின் ஜன்னல் வழியாக ஆதிலட்சுமி அதைப் பார்த்தாளாம், யாரோ சொன்னார்கள். மூன்று மணிக்கு நலங்கு. கூடத்தில் எதிரெதிரே மணை போட்டுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து சந்தனமும் மஞ்சளும் பூசினார்கள். டேப் தேவகி, தேவகி என்று பாடியது. எத்தனையோ பேருக்கு இரவல் போன பேர் அன்றைக்கு உடைமைக்காரியிடம் வந்து சேர்ந்திருந்தது. தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. எதிர் மணையில் இருந்தவர் டேப்பின்படி வெறும் மன்னவன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்ததால் நலங்கு நீண்டுகொண்டே போனது. முதல் பக்கம் தீர்ந்துவிட்டது. தாண்டவராயன் டேப்பைத் திருப்பிப் போட்டான். இரண்டு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதன் நடுவில் பாட்டுக்கு மேலே, வேப்ப மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சின்னராசு பேசினார்.

"ஆதி, தொண்ட காஞ்சிக்கினு போவுது பார். கொஞ்சம் மோரு குட்ச்சிட்டு பாடேன்."

சும்மா இருங்க, டேப்பு ஓடிக்கினு கீது என்று ஆதிலட்சுமியின் குரல் அதட்டியது. அதற்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அந்தப் பதினாறு வயசுச் சிரிப்பை மணையில் உட்கார்ந்திருந்த தேவகியால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை.

யார் அது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்க, பெண்ணின் அப்பா என்று யாரோ பதில் சொன்னார்கள். சொக்கம்மாளுக்குத் தம்பியின் குரல் கேட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது கொட்டிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்துடா அதை, சுப காரியத்தில் செத்தவன் குரலா என்று கத்தினாள். தாண்டவராயன் ஒயரைப் பிடுங்கினான். கட்டின தாலியின் ஈரம் காயவில்லை என்று ஒருத்தி ஆரம்பித்தாள், பாட்டு பாதியில் நின்ற நலங்கு ஆகாது என்று இன்னொருத்தி முடித்தாள். எல்லாரும் பாண்டுரங்கனைப் பார்த்தார்கள்.

அவர் இந்தத் தடவை கண்ணை மூடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆதிலட்சுமி உள்ளேதானே இருக்கிறாள், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே பாடட்டும், ஆள் கண்ணில் படாவிட்டால் குரலுக்குத் தோஷமில்லை என்றார். பத்து நாளைக்கு முன்னால் அவள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். அவள் கேட்டபோது கெடுதலாக இருந்தது, இவர்களுக்குத் தேவைப்பட்டபோது முறையாகிவிட்டது. யார் போய்ச் சொல்வது என்று பேச்சு வந்தது. அண்ணன் நகரவில்லை. அத்தை தேவகியின் தோளைத் தொட்டு, நீ போய்க் கேள், நீ கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்றாள். தேவகி கன்னத்துச் சந்தனத்தோடு மணையை விட்டு எழுந்து போனாள்.

அறையில் ஆதிலட்சுமி மூட்டையில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் சீவிப் போட்ட வாழைக்காய்த் தோல் கிடந்தது. அவள் அழுதிருக்கவில்லை. முகம், அப்பா பாட்டைப் பற்றிச் சொன்ன நாள்களில் போலத் தெளிந்திருந்தது, அதைத்தான் தேவகியால் தாங்க முடியவில்லை.

"கேட்டியா? ஒங்க நைனா வந்துட்டுப் போனாரு."

கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் பேசாமல் கட்டிக்கொண்டிருக்கலாம். அம்மா, வெளியே வா, வந்து பாடு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். கல்யாணப் பெண்ணை அந்த நேரத்தில் யார் என்ன செய்துவிட முடியும்? தேவகி, "அம்மா, பாட்டு நின்னுபூட்ச்சி. நீ பாடணுமாம். இங்க இருந்தே" என்றாள்.

பாடு என்று சொல்லவில்லை. பாடணுமாம் என்றாள். யாரோ சொல்லி அனுப்பியதைக் கொண்டுவந்து கொடுக்கிறவள் போல அந்த 'மாம்'முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரு சொன்னாங்க?"

"பாண்டுரங்கம் மாமா."

"நீ இன்னா சொல்ற?"

தேவகிக்கு இரண்டாவது தடவையாகக் கிடைத்த சந்தர்ப்பம் அது. "மாப்ள வூட்டுக்காரங்கல்லாம் ஒக்காந்துக்கினு கீறாங்கம்மா" என்றாள்.

ஆதிலட்சுமி மகளின் கன்னத்தில் சந்தனம் திட்டுத்திட்டாக இருந்ததைத் தன் முந்தானையால் ஒற்றிச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"செரி. கதவ சாத்திக்கினு போ."

தேவகி வெளியே வந்து, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். நன்றாகச் சாத்துகிறதா என்று தள்ளியும் பார்த்தாள்.

உள்ளேயிருந்து பாட்டு வந்தது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஆனாலும் பந்தல் வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மறுபடி சந்தனம் பூசினார்கள், ஆரத்தி கரைத்தார்கள், எல்லாம் நன்றாக நடந்தது. தேவகி தன் பேர் வருகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வெறும் பெண்ணரசி என்று வந்தது. மாப்பிள்ளை பேருக்காகக் காத்திருந்தாள். மன்னவன் என்றுதான் வந்தது. இரண்டு பேரையும் எடுத்துவிட்டு, யார் கல்யாணத்திலும் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசி வரைக்கும் பாடி முடித்தாள். சுருதி எங்கேயும் விடவில்லை. கூட்டத்தில் ஒருத்தருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. அதை ஒரு வருஷம் கழித்து இராமச்சந்திரன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். அவன் அம்மா இந்திராணியும் புருஷனை இழந்தவள். அன்றைக்கு அவளும் பந்தலின் கடைசியில், தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நல்லாப் பாடுகிறவர்கள் எதற்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், கூப்பிடக்கூடாதா என்று கேட்டாளாம். அது உங்கள் ஊர் வழக்கமாக இருக்கும் என்று நினைத்து நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம் என்றான். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இவர்களும், இவர்கள் வழக்கம் என்னவோ என்று அவர்களும் இருந்திருக்கிறார்கள். தேவகி அன்று சமைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாள்.

அந்த நலங்கோடு டேப்பும் விதவையாயிற்று. செத்தவன் குரல் இருக்கிற டேப் ஆகாது என்று ஊரில் யாரும் போடவில்லை. தேவகி போய் அண்ணனிடம் அதைக் கேட்டாள். சும்மாதானே கிடந்தது என்று சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டேன் என்றான். அப்பாவின் குரல் இருந்த ஒரே இடம் அது. அம்மாவிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சொல்லவேண்டிய தேவையும் ஏற்படவில்லை, ஏனென்றால் ஆதிலட்சுமி கேட்கவே இல்லை. பாடவும் இல்லை. தேவகியின் இரண்டு பிள்ளைகளுக்கும் தாலாட்டு என்று ஒரு அடிகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. தூளியை ஆட்டுவாள், குளிப்பாட்டுவாள், மருந்து உரசிக் கொடுப்பாள். ஊர் வேலைகளுக்கும் குறைவில்லை. பிரசவத்துக்குக் கூடப் போனாள், சாவு வீட்டில் அடுப்பு மூட்டினாள். பாடச் சொன்னால் தொண்டை போய்விட்டது என்பாள். வயசாகிவிட்டது, பாவம் என்று ஊரும் நம்பிவிட்டது.

எண்பத்தாறு ஐப்பசியில் செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல்.

பதினாறாம் நாள் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மைக் வைத்துப் படத்திறப்பு நடத்தினார்கள். குடும்பத்துக்கும் பாட்டுக்கும் ஊருக்கும் உழைத்த உத்தமி என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பாண்டுரங்கன்தான் தலைமை. அவருக்கும் வயசாகியிருந்தது, ஆனால் குரல் குறையவில்லை. அவள் பால் சொசைட்டியில் பாடியதைச் சொன்னார், பிரசவங்களுக்குப் போனதைச் சொன்னார், வாய் ராசியைச் சொன்னார். அப்புறம் தேவகியின் நலங்குக்கு வந்தார். பெற்ற மகள் கல்யாணத்தில்கூட சபைக்கு வராமல், முறை மாறாமல், கதவுக்குப் பின்னால் இருந்தே பாடிய அந்த அடக்கம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று கேட்டார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் மகள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார்.

தேவகி இராமச்சந்திரனைப் பார்த்தாள். அவன் பேசு என்பதுபோல் தலையாட்டினான். நாலு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்தது. இந்தத் தடவை 'மாம்' போடவில்லை.

"எங்கம்மா உள்ள இருந்து பாடல. நாங்க உள்ள வெச்சி சாத்தனோம். வாசப்படியாண்ட நின்னு ஒரு பாட்டு பாடறேன்னு அது கேட்டுச்சி. யாரும் ஒத்துக்கல, நானும் வாயத் தொறக்கல. கதவ சாத்தனது நான்தான்."

சொக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது ஒருத்தர் எழுந்து, ஆமாம், நாங்களும்தான் என்று சொல்லுவார்கள் என்று தேவகி நின்றாள். திட்டினாலும் பரவாயில்லை என்று நின்றாள். பாண்டுரங்கன் மெதுவாக அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? தாயி உள்ள போய் நின்னா, பொண்ணு போயி கதவ சாத்திச்சி. ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. மொற தெரிஞ்ச குடும்பம்னா இதுதான்யா குடும்பம்."

முன்வரிசையில் ஒருத்தர் கை தட்டினார். துக்க வீடாயிற்றே என்று மற்றவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அப்புறம் அவர்களும் தட்டினார்கள்.